மண்ணைத் தொட்ட மனம் மீளும்

(மட்டக்களப்பு வாவிக்கரை ஊரொன்றில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



பாடுமீன் பாடும் வாவிக்கரையில் பிறந்தோம் என்று பெருமை பேசுகிறோம். அதே கரையில்தான் அழுகுரலும் கேட்டோம். 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த முஸ்லிம் மக்கள் கொல்லப்பட்டனர். அடுத்த மாதம் சத்துருக்கொண்டானில் தமிழ் மக்கள் கொல்லப்பட்டனர், கைக்குழந்தைகளும் தப்பவில்லை. இரு சமூகத்துப் பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் அஞ்சியே வளர்ந்தனர். உள்ளத்திற்பட்ட காயத்தை எந்தத் துணியால் கட்டுவது?

1996 இல் மட்டக்களப்பு நகரிலே அதற்கொரு விடை முளைத்தது. யேசுசபைத் துறவி அருட்தந்தை போல் சற்குணநாயகம் அவர்களும், கனடியக் கலைஞர் போல் ஹோகன் அவர்களும், உள்ளூர் இளைஞர்களும் சேர்ந்து வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவை அமைத்தனர். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் வாரம் ஒருநாள் அங்கே கூடினர். மரநிழலில் களிமண் பிசைந்தனர்; செடி நட்டனர்; பிராணிகளைப் பேணினர்; கதை புனைந்தனர்; கூத்தாடினர். ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் இவ்வாறு பழகினர். "உனக்கு என்ன நேர்ந்தது?" என்று துருவிக் கேட்பது அங்கே முறையன்று. பிள்ளை தானாக வாய் திறக்கும்வரை பூங்கா காத்திருந்தது.

மண்ணுக்கு ஏன் இந்த ஆற்றல்? உழவர் பெருமக்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. விதைப்பவன் நாளை என்றொரு நாள் உண்டென நம்புகிறான். அச்சத்தில் அகப்பட்ட மனம் இழப்பது அந்த நாளையைத்தான். செடிக்கு நீர் வார்க்கும் பிள்ளை, தன்னை நம்பியும் ஓர் உயிர் இருப்பதை உணர்கிறது.

தோட்டம் மருத்துவருக்கு மாற்றன்று, நீதிக்கும் மாற்றன்று. காணாமலாக்கப்பட்ட மகனைத் தேடும் தாயிடம் பூச்செடியைக் கொடுத்து அனுப்பிவிட முடியாது. ஆயினும், காயங்கள் ஓயவில்லை: 2004 இல் கடல் பொங்கியது, 2009 இல் போர் ஓய்ந்தபின்னும், 2019 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் சிறுவர்களும் பலியாயினர்.

ஆகவே நாம் கேட்பது இதுதான். பள்ளிதோறும் ஒரு தோட்டமும், அதற்கென நேரமும் வேண்டும். வாவிக்கரையும் கண்டற்காடும் வேலியிட்டு அடைக்கப்படாமல் பொதுமக்களுக்கு விடப்பட வேண்டும். அத்தோட்டங்களில் இரு சமூகத்துப் பிள்ளைகளும் ஒன்றாக மண் கிளற வேண்டும்.

அரசு தரட்டும் என்று காத்திராமல், உழவர் விதை தருக. ஆசிரியர் நேரம் தருக. மருத்துவர் துணை தருக. பிள்ளைகள் நாளையைத் தருவார்கள்!