கப்பலூழியரும் சந்தோஷப் பணமும்

உல்லாசக் கப்பல்களிலே கடைசி இரவில், அறைப் பணியாளருக்கும் உணவு பரிமாறுவோருக்கும் உறையில் பணமிட்டுக் கொடுப்பது முன்னைய வழக்கம். இன்று அமெரிக்கப் பெருங் கப்பல்கள் பலவற்றில், ஆளொருவருக்கு நாளொன்றுக்கு 15 டொலருக்கு மேற்பட்ட தொகை பிரயாணியின் கணக்கிலே தானாகவே சேர்க்கப்படுகின்றது. திரைமறைவில் உழைப்போருக்கும் இதிலிருந்து பங்குண்டு.

அதனை நீக்குவித்து, பிடித்த ஒருவருக்கு மட்டும் கையிலே கொடுப்பதே தருமமென எண்ணுவோர் உளர். சில கப்பல்களில் அவ்வாறு பெற்றதை ஊழியர் பொதுநிதியிற் சேர்த்துவிட வேண்டும் என்பதை அவர்கள் அறியார்!

கணக்கிலுள்ளதை அப்படியே விட்டு, மேலும் கொடுப்பதாயின் டொலர் நோட்டாகக் கொடுப்பதையே ஊழியர் பலரும் விரும்புவர். அவரிற் பலர் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா முதலிய நாட்டினர். வீட்டுக்கு அனுப்பக்கூடியது பணமேயன்றிச் சொக்கலேட்டுப் பெட்டியன்று. கருத்துப் படிவத்தில் அவர் பெயரைக் குறித்து நன்றாக எழுதினால், பதவியுயர்வுக்கும் அது துணையாகும்.