புலி தானே எடுத்துக்கொண்ட படம்



1925 அக்டோபரில் ‘இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்’ இதழில் சில புலிப் படங்கள் வந்தன. நள்ளிரவில், உயிரோடு, தன் பாட்டுக்கு நடந்துபோகும் புலி. இன்றைக்கு இது பெரிய சேதியில்லை. அன்றைக்குப் புலிப் படம் என்றாலே பெரும்பாலும் செத்த புலிதான். பக்கத்தில் துப்பாக்கியோடு ஒரு துரை நிற்பார்.

படங்களை எடுத்தவரும் ஒரு துரைதான். எஃப். டபிள்யூ. சாம்பியன். 1913இல் இந்தியாவுக்கு வந்து வங்காளத்தில் போலீஸ் வேலை பார்த்தார். முதல் உலகப்போர்க் காலத்தில் ராணுவ அதிகாரியாகி வடமேற்கு எல்லைக்குப் போனார். போர் முடிந்ததும் சீருடையைக் கழற்றிவிட்டு ஐக்கிய மாகாண வனத்துறையில் சேர்ந்தார். கொல்வதில் அவருக்கு நாட்டமில்லை. வேட்டை ஆடாத வன அதிகாரி என்பது அந்தக் காலத்தில் கொஞ்சம் விசித்திரமான பிறவி!

அவர் படம் எடுத்த விதத்தைக் கேளுங்கள். சிவாலிக் மலையடிவாரத்தில் மழைக்காலம் போனால் காட்டாறுகள் வெறும் மணலாகக் கிடக்கும். புலிக்கு முள்ளிலும் புதரிலும் நடக்கப் பிடிக்காது. கூடுமானவரை மணலிலும் வண்டித்தடத்திலும்தான் நடக்கும். காலடித் தடத்தைப் பார்த்து அது வாடிக்கையாக வருகிற வழியைக் கண்டுபிடிக்க வேண்டும். வழியின் குறுக்கே மெல்லிய கம்பி. ஓரத்தில் மறைவாகக் காமிரா. புலியின் கால் கம்பியில் பட்டதும் ஷட்டர் திறக்கும், மக்னீசியப் பொடி பளீரென்று எரியும். கண்ணாடித் தகட்டில் ஒரே ஒரு படம், அவ்வளவுதான். பனியில் பொடி ஈரமானால் அதுவும் இல்லை. புலிக்குப் பதில் முள்ளம்பன்றி வந்தால் முள்ளம்பன்றிதான் விழும்.

இதில் கலை எங்கே என்று கேட்கலாம். விசையை அழுத்துவது புலியின் கால்தானே? என் கணிப்பில், கலை முழுவதும் அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. எந்த வளைவு, எந்த உயரம், எத்தனை அடி தள்ளி என்பதையெல்லாம் வராத புலியை மனத்தில் நடக்கவிட்டுத் தீர்மானிக்க வேண்டும். ராணுவத்தில் எதிரியின் வழியைக் கணித்துக் காத்திருப்பதும் கிட்டத்தட்ட இதே வேலைதான். காமிரா தாழ இருப்பதால் புலி நம் கண்ணுக்கு நேராக வருகிறது. யானைமேலிருந்து எடுத்த படத்தில் அந்த நெருக்கம் வராது.

குறையும் உண்டு. இருட்டில் திடீர் வெளிச்சம் விலங்கை மிரட்டத்தான் செய்யும். அதை இன்றைக்குப் பலர் ஏற்கமாட்டார்கள், ஏற்கவும் கூடாது.

ஆனாலும் அவர் விட்டுப்போனது பெரிது. ஒவ்வொரு புலிக்கும் வரிகள் வேறு, அதை வைத்தே ஆளை அடையாளம் காணலாம் என்பதைப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக் கண்டுகொண்டவர் அவர். 1927இல் புத்தகமும் எழுதினார். வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் காமிராவின் பக்கம் திரும்பியதற்கு இவருடைய படங்களும் ஒரு காரணம். இன்று முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் தானியங்கிக் காமிரா வைத்துப் புலிகளை எண்ணுவது இதே வரிக்கணக்கில்தான்.

சாம்பியனைப் போல ராணுவச் சீருடையைக் கழற்றிவிட்டு, நாற்பது வயதுக்குள் ஊர் திரும்பி, அடுத்து என்ன என்று யோசிக்கிறவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். காட்டுப் படத்தில் ஆசை இருந்தால் லட்ச ரூபாய் லென்ஸில் தொடங்காதீர்கள். முதலில் தடம் பார்க்கப் பழகுங்கள். வனத்துறை அனுமதியோடு போங்கள். விலங்கின் வழியை மறித்து மட்டும் நிற்காதீர்கள்.