ஆறு எப்படி இருக்குன்னு பூச்சிகிட்ட கேக்கலாமா?

கெலவரப்பள்ளி அணையில மதகு வழியா தண்ணி வரும்போது பனி கொட்டின மாதிரி நுரை பொங்குமே, அந்த வீடியோ உங்க போனுக்கும் கண்டிப்பா வந்திருக்கும். நந்தி மலைப் பக்கம் பிறக்குற தென்பெண்ணை, பெங்களூரோட சாக்கடையையும் ஆலைக் கழிவையும் சுமந்துகிட்டுதான் ஓசூருக்குள்ள நுழையுது. அப்புறம் கிருஷ்ணகிரி அணை, காவேரிப்பட்டணம், அனுமன்தீர்த்தம்னு எங்க கல்லாவி வட்டாரத்துக்கு வந்து சேருது. இங்க கண்ணுக்கு நுரை தெரியாது. "நுரை இல்லேன்னா தண்ணி நல்லாயிடுச்சுன்னு அர்த்தமாடா?"ன்னு எங்க பெரியப்பா கேட்டார்.

லேப்ல கொடுத்தா சொல்லிடுவாங்கன்னு நினைப்போம். ஆனா பாட்டில்ல பிடிச்ச தண்ணி, பிடிச்ச அந்த நிமிஷத்தைத்தான் சொல்லும். ராத்திரி 2 மணிக்கு யாராவது கழிவைத் திறந்துவிட்டு, காலையில 10 மணிக்கு நீங்க பாட்டிலோட போனா, அது பாதி ஓடிப்போயிருக்கும். கல்லுக்கு அடியில இருக்கிற பூச்சி அந்த ராத்திரியும் அங்கதான் இருந்துச்சு. ஓடித் தப்பிக்க அதுக்கு வழியில்ல.

மேஃப்ளைன்னு ஒண்ணு. ரெக்கை முளைச்சா ஒண்ணு ரெண்டு நாள்தான் வாழ்க்கை. ஆனா அதோட குஞ்சு வாரக்கணக்குல, மாசக்கணக்குல தண்ணிக்குள்ளயே வளருது. வயித்தோட ரெண்டு பக்கமும் இலை மாதிரி செவுள். தண்ணியில ஆக்சிஜன் குறைஞ்சா முதல்ல காணாமப் போறதுல இதுவும் ஒண்ணு. இதுக்கு நேர்மாறு ரத்தப்புழு. வீட்டுல மீன் வளர்க்குறவங்களுக்குத் தெரியும், தீனியா வாங்கிப் போடுவாங்களே, அதேதான். நம்ம ரத்தத்துல இருக்கிற ஹீமோகுளோபின் அதுக்கும் இருக்கு. அதனால மூச்சு முட்டுற சேத்துலயும் தாக்குப்பிடிக்கும்.

1970-கள் கடைசியில பிரிட்டன்ல இதை மார்க் ஷீட்டாவே மாத்தினாங்க. பூச்சிக் குடும்பத்துக்கு 1-லிருந்து 10 வரை மதிப்பெண். சில மேஃப்ளை குடும்பங்களுக்கு 10, ரத்தப்புழுவுக்கு 2. நம்ம மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் அதைத் தழுவி இந்திய ஆறுகளுக்குன்னு ஒரு முறை வெச்சிருக்கு. மதுரைக் கல்லூரியில இருந்த கே.ஜி.சிவராமகிருஷ்ணன் மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகள்ல மேஃப்ளைகளைத் தேடித்தேடி வகைப்படுத்தினார். அந்த மாதிரி பேர் வைக்கிற வேலை இல்லாம மார்க் போடவே முடியாது. நாம அதைப் பெருசா கொண்டாடுறதில்ல.

ஒரு எச்சரிக்கை. பூச்சி நிறைய இருந்தா ஆறு நல்லா இருக்குன்னு முடிவு பண்ணிடாதீங்க. கொசுப்புழு தலைகீழாத் தொங்கி, வால் பக்கத்துக் குழாயை மேல நீட்டிக் காத்தை இழுத்துக்கும். தண்ணி எவ்வளவு நாறினாலும் அதுக்குக் கவலையில்ல. தட்டானும் அப்படித்தான் ஏமாத்தும். மழைக்காலத்துல கூட்டமாப் பறக்குற மஞ்சள் தட்டான் கடல் தாண்டி ஆப்பிரிக்கா வரைக்கும் போகும்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. அது உங்க ஆத்து மேல பறக்குதுங்கறதால ஆத்துக்கு ஒரு மார்க்கும் கிடையாது. மேல பறக்குறதை விடுங்க, உள்ள வளருறதைப் பாருங்க.

இன்னொண்ணு, பெரியப்பாவுக்கும் இதைத்தான் சொன்னேன். ஆறு மூச்சு விடுதான்னு பூச்சி சொல்லும். அந்தத் தண்ணியைக் குடிக்கலாமா, அதுல காரீயம், குரோமியம் இருக்கான்னு சொல்லாது. அதுக்கு லேப்தான். ஆனா எங்க, எப்ப பாட்டிலோட போகணும்னு பூச்சியை வெச்சு முடிவு பண்ணலாம். போன மாசம் வரை இருந்த மேஃப்ளை திடீர்னு இல்லேன்னா, அன்னைக்கே தண்ணி எடுத்து அனுப்பணும்.

செய்யறது சுலபம். மழை விட்டு, வெள்ளம் வடிஞ்சு, முழங்காலுக்குக் கீழ தண்ணி ஓடுற இடமாப் பாருங்க. தனியாப் போகாதீங்க. மாவு சல்லடை, வெள்ளைத் தட்டு போதும். கல்லைத் தூக்கி, சல்லடைக்கு மேல அலசி, தட்டுல கொட்டி போட்டோ எடுங்க. ஒவ்வொரு மாசமும் அதே இடத்துல எடுத்தாத்தான் ஒப்பிட முடியும். பூச்சிகளைத் திரும்ப ஆத்துலயே விட்டுடுங்க. கல்லையும் எடுத்த இடத்துலயே, அடிப்பக்கம் அடியில வர்ற மாதிரி வைங்க.