கொதிக்க வைக்கச் சொல்பவர்களுக்கு



மாரி தொடங்கினால் ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோவும் வந்துவிடும். “கொதித்தாறிய நீரைப் பருகுங்கள், நெருப்புக்காய்ச்சல் கவனம்!” சொல்வதில் பொய்யில்லை. யாருக்குச் சொல்கிறார்கள்? 2022இல் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் காய்ந்தவளுக்கு! விடிய முதல் வயலுக்குப் போய், தாகமெடுத்தால் வரம்போரக் கிணற்றில் வாளி விட்டு அள்ளிக் குடிக்கிற கூலிக்காரனுக்கு! அவன் கேத்திலும் தூக்கிக்கொண்டா அருவி வெட்டப் போவான்?

நெருப்புக்காய்ச்சல் சாமி குற்றமில்லை. அதன் கிருமி மனிதனிடம் மட்டுமே குடியிருக்கும்; ஆடு மாட்டில் இல்லை. ஒருவர் மலத்தில் வெளியேறியது இன்னொருவர் வாய்க்குள் போனால்தான் காய்ச்சல். காய்ச்சல் விட்ட பிறகும் சிலர் பித்தப்பையில் அதை வருடக்கணக்காகச் சுமப்பார்கள், அவர்களுக்கே தெரியாது. சாப்பாட்டுக் கடையில் உங்கள் இடியப்பத்துக்குச் சம்பல் பிசைகிற கை அப்படிப்பட்ட ஒருவருடையதென்றால்? சம்பலை யாரும் கொதிக்க வைப்பதில்லையே!

2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறந்து வெள்ளம் ஊருக்குள் ஏறியதை மறந்தோமா? கட்டில்லாத கிணறும் மலசலகூடக் குழியும் ஒரே வெள்ளத்துக்குள் கிடந்தால் என்ன நடக்கும்? வெள்ளம் வடிந்தபின் கிணற்றை இறைத்துக் குளோரின் போடலாம், போடத்தான் வேண்டும். ஆனால் குளோரின் சில நாளில் போய்விடும். குழி அங்கேயேதான் இருக்கும்.

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் சண்டையில் சரிந்த தண்ணீர்த் தாங்கி உங்களுக்குத் தெரியாததல்ல. போர் முடிந்ததும் அதைக் காட்சிப்பொருளாக்கினார்கள். பஸ்ஸில் வந்திறங்கியவர்கள் முன்னால் நின்று படம் பிடித்தார்கள். பக்கத்தில் நினைவுப்பொருள் கடை வேறு! விழுந்த தாங்கிக்கு அவ்வளவு அக்கறை. வீட்டுக்கு வர வேண்டிய குழாய்க்கு?

குழாய் எதற்கு, மருந்து இருக்கிறதே என்பார்கள். அமெரிக்காவின் ஜேர்சி நகரம் 1908இலேயே குடிநீரில் குளோரின் சேர்க்கத் தொடங்கியது. இந்த நோயை முறித்த முதல் மருந்து குளோரம்பெனிகோல். அது வந்தது 1948இல். இடைப்பட்ட நாற்பது வருடத்தில் அந்த நாட்டு நகரங்களில் நெருப்புக்காய்ச்சல் சாவு பெரும்பாலும் ஒழிந்துவிட்டது. விரட்டியது குளிசையா, தண்ணீரா? மருந்தையே நம்பியிருந்த பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2016இல் வழக்கமான அன்டிபயோடிக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு மசியாத கிருமி கிளம்பியது. 2019இல் அந்நாடு குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கியது. உலகம் முழுக்க வருடத்துக்குச் சுமார் 90 இலட்சம் பேரை இந்த நோய் பிடிக்கிறது, 1,10,000 பேர் சாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது.

எங்கள் ஊருக்கு மாவட்டத் தலைநகர் என்று பெயர். இன்னும் ஒரு நகரசபை இல்லை. சுமையெல்லாம் கரைச்சிப் பிரதேச சபையின் தலையில். பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் குறை சொல்லாதீர்கள். ஒரு மோட்டார் சைக்கிளில் எத்தனை கடை, எத்தனை கிணறு பார்ப்பார் அந்த மனிதர்?

வாக்குக் கேட்டுப் படலைக்கு வருபவரை உள்ளே கூப்பிடுங்கள், கதிரை போடுங்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கடைசியாக எப்போது சோதித்தீர்கள், முடிவு எங்கே என்று கேளுங்கள். குழாய் எந்த மாதம் எங்கள் ஒழுங்கைக்கு வரும் என்று கேட்டு, தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தேத்தண்ணி அதற்குப் பிறகு கொடுக்கலாம்.