பழைய காரும் பாக்கிக் கடனும்

(வட்டார வள மையத்தில் நடைபெற்ற ஆசிரியர் கூட்டத்தில் பட்டதாரி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



எட்டாம் வகுப்பு வாழ்வியல் கணிதத்தைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கூட்டு வட்டியும் தேய்மானமும் அந்தப் பாடத்தில் வருகின்றன. நான் இந்த ஆண்டு அதை நடத்திய அதே வாரத்தில் என் வீட்டிலும் இதே கணக்குதான் ஓடிக்கொண்டிருந்தது. அதையே சொல்கிறேன்.

என் கார் 2011-ஆம் ஆண்டு பதிவான சின்ன கார். வீட்டிலிருந்து பள்ளி 26 கிலோமீட்டர். காலைப் பேருந்து எங்கள் ஊருக்கு வந்து சேரும்போது பிரார்த்தனை முடிந்திருக்கும். ஆகவே காரில் நானும் இரண்டு ஆசிரியைகளும் பெட்ரோல் செலவைப் பகிர்ந்துகொண்டு போகிறோம். போன ஆண்டு இரண்டு முறை வழியில் நின்றுவிட்டது. ஒருமுறை மாலை ஆறு மணிக்கு, வீடே இல்லாத சாலையில். உடன் வந்த ஆசிரியைக்கு அப்போது ஏழாம் மாதம். அன்று இரவே வீட்டில், "போதும், புதுசு எடுத்துடலாம்" என்றார் என் கணவர். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. 2025 செப்டம்பரில் சின்ன கார்களுக்கான ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்திருந்ததால் எனக்கும் ஆசை வந்தது.

இன்னொரு பக்கம் கடன். என் மாமனாரின் இதய அறுவை சிகிச்சைக்காக 4 லட்சம் ரூபாய் தனிநபர் கடன் வாங்கியிருந்தோம். 13 சதவீத வட்டி, 60 தவணை, மாதம் 9,100 ரூபாய். இன்னும் 26 தவணை பாக்கி. அசலில் நிற்பது சுமார் 2 லட்சத்து 5 ஆயிரம். இது போக நகையை வைத்து வாங்கிய 1 லட்சத்து 20 ஆயிரம். அதற்கு 9 சதவீதத்தில் ஆண்டுக்கு 10,800 ரூபாய் வட்டி மட்டுமே போகிறது. நகை அப்படியே பெட்டகத்தில் இருக்கிறது, வங்கிப் பெட்டகத்தில்.

சரி, புது காருக்கு வருவோம். விளம்பரத்தில் விலை 5 லட்சத்து 80 ஆயிரம் என்று போட்டிருக்கும். நம் மாநிலத்தில் 5 முதல் 10 லட்சம் வரையிலான கார்களுக்கு ஆயுட்கால வரி 13 சதவீதம்; அதுவே 75,400 ரூபாய். காப்பீடு, பதிவுச் செலவு எல்லாம் சேர்ந்தால் 7 லட்சத்தை நெருங்கிவிடும். முன்பணம் 1 லட்சம் போக 6 லட்சம் கடன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 9 சதவீதம், ஐந்து ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் 12,455. "ஏழு வருஷமாப் போட்டுக்குங்க மேடம், 9,650-தான் வரும்" என்பார் விற்பனையாளர். ஐந்து ஆண்டில் வட்டி சுமார் 1 லட்சத்து 47 ஆயிரம், ஏழு ஆண்டில் 2 லட்சத்து 11 ஆயிரம். தவணை குறைந்ததற்கு நாம் கொடுக்கும் விலை 64 ஆயிரம். இதை அவர் சொல்ல மாட்டார். நம் எட்டாம் வகுப்புப் பிள்ளை போட்டுச் சொல்லிவிடும்.

முன்பணம் 1 லட்சமும் எங்கள் கையில் இல்லை. அதற்கும் மிச்ச நகையைத்தான் எடுக்க வேண்டும்.

தேய்மானத்தை வகுப்பில் நடத்தும்போது காப்பீட்டுக்காரர்களின் அட்டவணையைக் கரும்பலகையில் எழுதினேன். வாகனத்தின் வயது ஓர் ஆண்டைத் தாண்டினால் 20 சதவீதம் கழிவு, நான்கைத் தாண்டினால் 50 சதவீதம். ஒரு மாணவி எழுந்து, "அப்போ கார் வாங்குனா நஷ்டமா டீச்சர்?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் பின் வரிசைப் பையன், "எங்கப்பா ஆட்டோ தவணையிலதான் எடுத்தாரு. அது ஓடித்தானே தவணை கட்டுது?" என்றான். அந்த வகுப்பில் எனக்குப் பாடப்புத்தகம் தேவைப்படவில்லை. சம்பாதித்துத் தரும் வண்டிக்கும் சம்பாத்தியத்தைச் சாப்பிடும் வண்டிக்கும் பிள்ளைகளே கோடு போட்டுவிட்டார்கள்.

ஆனால் அந்தக் கோடு முழுசாகச் சரி என்றும் நான் நினைக்கவில்லை. என் கார் வாடகை சம்பாதிப்பதில்லை. மூன்று ஆசிரியைகளை நேரத்துக்குக் கொண்டு சேர்க்கிறது. அது நின்றால் மூன்று வகுப்புகள் நிற்கும்.

அதனால் செலவு நோட்டை எடுத்தேன். போன ஆண்டு கிளட்ச் பிளேட், பேட்டரி, இரண்டு டயர், ரேடியேட்டர் குழாய், ஆயில் எல்லாம் சேர்த்து 31,400 ரூபாய். மாதத்துக்கு 2,600 சொச்சம். இரண்டு முறை நின்றதும் ஒருமுறை பேட்டரியால், ஒருமுறை குழாயால். இரண்டும் இப்போது புதியவை. மெக்கானிக்கிடம், "என்ன செலவாகும்?" என்று கேட்காமல், பிரேக், ஸ்டீயரிங், அடித்தகட்டுத் துரு மூன்றையும் பார்த்துச் சொல்லச் சொன்னேன். லிஃப்டில் ஏற்றிப் பார்த்துவிட்டு, "துரு மேலாகத்தான் இருக்கு டீச்சர். ரெண்டு வருஷம் ஓட்டலாம். ஆறு மாசத்துக்கு ஒருதரம் கொண்டாந்து காட்டுங்க" என்றார்.

2026-இல் ஆர்.சி. 15 ஆண்டு முடிகிறது. எஃப்.சி. காட்டிப் புதுப்பித்தால் இன்னும் ஐந்து ஆண்டு. 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணத்தை 2022 ஏப்ரலில் 5,000 ஆக்கினார்கள். பசுமை வரி தனி. கோபம் வரத்தான் செய்கிறது. ஆனாலும் புது காரின் ஒரு மாதத் தவணைக்குள் அடங்கிவிடும்.

கணவரும் நானும் எழுதிப் பார்த்து எடுத்த முடிவு இது. கார் இருக்கட்டும். புது காருக்குக் கொடுக்கத் துணிந்த பணத்தில் மாதம் 5,000 ரூபாயைத் தனிநபர் கடனில் கூடுதலாகக் கட்டுவது. ஒப்பந்தத்தைப் படித்து, பகுதித் தொகை கட்ட அபராதம் இல்லை என்று உறுதி செய்துகொண்டோம். இதை நீங்களும் முதலில் பாருங்கள். எல்லாக் கடனிலும் அப்படி இல்லை. இப்படிக் கட்டினால் 26 மாதம் 16 மாதமாகக் குறைகிறது. அடுத்து நகை. அதன்பின் அதே 14,100 ரூபாயைத் தொடர் வைப்பில் போட்டால் முன்பணம் எட்டு மாதத்தில் சேர்ந்துவிடும்.

பிரேக்கிலோ ஸ்டீயரிங்கிலோ அடித்தகட்டிலோ மெக்கானிக் கை வைத்து வேண்டாம் என்று சொன்னால், அன்றைக்கே இந்தக் கணக்கு செல்லாது. அப்போது நான்கைந்து வருடம் ஓடிய பழைய காராகப் பார்ப்போம் என்று பேசி வைத்திருக்கிறோம். உடன் வரும் ஆசிரியைகளிடமும் சொல்லிவிட்டேன். அந்தச் சாலையில் இருட்டுவதற்கு முன் கிளம்ப வேண்டும் என்பது அவர்கள் போட்ட நிபந்தனை.

இந்த எண்களில் பெயர்களை மாற்றி ஆறு கணக்குகளாக எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். தேநீர் இடைவேளையில் பிரதி எடுத்துக்கொள்ளலாம்.