கலங்கரை விளக்கம் நின்ற துறை

எகிப்தின் வடகரையிலே மத்தியதரைக் கடலை நோக்கி நிற்கும் அலெக்சாந்திரியா நகருக்குச் செல்வோர் முதலில் தேடுவது, இன்று அங்கே இல்லாத ஒன்றையே. பண்டை உலகின் ஏழு அதிசயங்களுள் ஒன்றாகிய கலங்கரை விளக்கந்தான் அது. நானும் அதனைத் தேடியே சென்றேன்.

கி.மு. 331இல் மகா அலெக்சாந்தர் இந்நகருக்குக் கால்கோள் செய்தான். பின்னர் ஆண்ட தொலமி மன்னர்கள் பாரோஸ் என்னுஞ் சிறு தீவிலே அவ்விளக்கத்தை எழுப்பினர். ஏறத்தாழ நூறு மீற்றர் உயர்ந்திருந்தது என மதிப்பிடப்படும் அக்கட்டடத்தை, 1303ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும் நேர்ந்த நிலநடுக்கங்கள் சிதைத்தன. அவ்விடத்தில் இன்று நிற்பது, பதினைந்தாம் நூற்றாண்டிலே சுல்தான் காயித்பே கட்டுவித்த கோட்டை. தீவும் இப்போது தீவன்று. மணல் சேர்ந்து நகரோடு ஒன்றாகிவிட்டது.

கோட்டை மதிலருகே நின்று கடலை நோக்கியபோது என் உள்ளம் சற்றே சோர்ந்தது. ஆயினும் நான் தேடியது கூப்பிடு தூரத்திலேதான் கிடந்தது. 1994இல் பிரெஞ்சு ஆய்வாளரின் தலைமையிலே சுழியோடிகள் அக்கடலடியைத் துருவினர். தூண்களும் சிலைகளும் ஸ்பிங்ஸ் உருவங்களும், பல தொன் எடையுள்ள பெருங்கற்களும் ஆயிரக்கணக்கிலே அங்கு கிடந்தன. அப்பெருங்கற்களுட் சில கலங்கரை விளக்கத்தினுடையவை என்பது அவர்கள் துணிபு. இதிலே ஒரு கொடுமையும் உண்டு. அலைகள் கோட்டையை அரியாதிருத்தற்பொருட்டு, அதற்குச் சற்று முன்னர்த்தான் கொங்கிறீற்றுக் கட்டிகளைக் கடலிற் கொட்டியிருந்தார்கள். அவை வீழ்ந்தது அப்பழங்கற்களின் மீதே! ஒரு பழமையைக் காக்க மற்றொரு பழமையை மூடினார்கள். கொட்டியவர்களைக் குறை கூறவும் எனக்கு மனம் வரவில்லை. கோட்டையும் காக்கப்படவேண்டியதுதானே?

நகரினுள்ளே 'பொம்பியின் தூண்' என்று ஒரு செங்கருங்கற்றூண் வானளாவி நிற்கின்றது. பெயர்தான் பிழை. தயோக்கிளீசியன் என்னும் உரோமப் பேரரசனுக்காக நிறுத்தப்பட்டது அது.

2002இல் திறக்கப்பட்ட புதிய நூலகத்தின் முன்னே, கடலிலிருந்து மீட்ட தொலமி மன்னன் ஒருவனின் மாபெருஞ் சிலை நிற்கின்றது. அம்மன்னனை அன்று, அவன் பெயரே பூண்டு இந்நகரில் வாழ்ந்த புவியியலறிஞர் தொலமியையே நான் அங்கு நினைத்தேன். கி.பி. இரண்டாம் நூற்றாண்டினராகிய அவர், பிரயாணிகளும் வணிகரும் கூறிய செய்திகளைத் திரட்டி, நமது இலங்கையைத் 'தப்ரபேன்' என்று குறித்தார். உள்ள அளவிலும் பன்மடங்கு பெரிதாகவே குறித்தார். அப்பிழையை மன்னிக்க நமக்குத் தடையேது?

மாலையில் மீண்டுங் கோட்டையடிக்குச் சென்றேன். கரையோரக் கட்டிகளின்மேல் இருந்து சிலர் தூண்டில் இட்டுக்கொண்டிருந்தனர். ஒருவருடைய தூண்டில் அடியிலே எதிலோ சிக்கிக்கொண்டது. அவர் இருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, கயிற்றை அறுத்துவிட்டார்.