பழைய சைக்கிளைப் புதுக்குதல்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே பல வீடுகளின் கோடிப்புறத்திற் பழைய துவிச்சக்கர வண்டியின் சட்டம் ஒன்று சுவரோடு சாய்ந்து நிற்பதைக் காணலாம். றலி, ஹம்பர், றட்ஜ் என ஏதேனும் ஓர் ஆங்கிலப் பெயர் அதன் முகப்பிலே மங்கிக் கிடக்கும். சில்லுகள் இருந்தாலும் துருவேறியிருக்கும். பாட்டனார் ஏறிய வண்டி என்பதனால் அதை இரும்புக்குக் கொடுக்க மனம் வராது. பணம் வேண்டுமே என்பதனால் திருத்தவும் கை எழாது.

2022ஆம் ஆண்டில் இலங்கையில் எரிபொருள் அரிதாகி, நிரப்பு நிலையங்களின் முன்னே மக்கள் நாட்கணக்கிற் காத்து நின்றனர். புதிய சைக்கிளின் விலையோ ஏழைக் குடும்பங்களுக்கு எட்டாத உயரத்துக்கு ஏறியது. பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கும் வேலைக்குப் போகும் தந்தைக்கும் கோடிப்புறத்துச் சட்டமே வழியாயிற்று. அக்காலம் கடந்துவிட்டது. எனினும், கையிலுள்ள சிறு தொகையை எதற்கு முதலிற் செலவிடுவது என்ற கேள்வி, பழைய வண்டியைத் திருத்த முனையும் எவருக்கும் இன்றும் உரியதே.

பெரும்பாலானோர் முதலில் நிறம் பூசுவர். புதிய ஆசனம் வாங்குவர். பளபளக்கும் மணி பூட்டுவர். பணம் அங்கேயே தீர்ந்துவிடும். தேய்ந்த ரயரும் பிடியாத பிறேக்கும் அப்படியே இருக்கும். வண்டி அழகாகத் தோன்றும். ஏறுபவன் உயிருக்குத் தான் காப்பில்லை. சிக்கனம் என்பது குறைவாகச் செலவிடுவது மாத்திரம் அன்று. முறையறிந்து செலவிடுவதும் ஆகும்.

பழைய சட்டத்தை நம்பலாமா என்று சிலர் ஐயுறுவர். இங்கிலாந்திலே ஜோன் கெம்ப் ஸ்டார்லி என்பவர் 1885ஆம் ஆண்டில் றோவர் என்னும் வண்டியை வெளியிட்டார். ஏறக்குறைய ஒத்த அளவான இரு சில்லுகளும் பின்சில்லை இழுக்கும் செயினும் கொண்ட அவ்வமைப்பே பின்வந்த சைக்கிள்களுக்கு வழிகாட்டியது. அந்த நூற்றாண்டு முடியுமுன்னரே சட்டத்தின் வடிவமும் நிலைபெற்றுவிட்டது. ஆதலின், இன்று கடையில் வாங்கும் சாதாரண செயின் ஐம்பது ஆண்டுப் பழைய வண்டியிலும் பெரும்பாலும் பொருந்தும். மேலும், அக்காலச் சட்டங்கள் உருக்குக் குழாய்களால் ஆனவை. சிறிது வளைந்தால் நிமிர்த்தலாம். ஒட்டு விட்டால் தேர்ந்த கைவினைஞர் மீண்டும் ஒட்டலாம்.

ஆயினும், ஒரு சதமேனும் செலவிடுமுன் சட்டத்தைச் சோதிக்க வேண்டும். முதலாவதாக, ஹாண்டிலைத் தாங்கும் முன்குழாயின் பின்புறத்தைத் தடவிப் பார்க்க வேண்டும். மேற்குழாயும் கீழ்க்குழாயும் அங்கு வந்து சேருமிடத்திற் புடைப்போ மடிப்போ தென்பட்டால், வண்டி முன்பு எதிலோ பலமாக மோதியிருக்கின்றது என்பது பொருள். இரண்டாவதாக, ஒரு நூலை எடுத்து, பின்சில்லு பூட்டும் ஒரு முனையிற் கட்டி, முன்குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து, மறுபக்க முனையிற் கட்ட வேண்டும். ஆசனக் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரு பக்கமும் ஒத்திருந்தால் சட்டம் நேரானது. ஒன்றிரண்டு மில்லிமீற்றர் வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. மூன்றாவதாக, பெடல் அச்சு ஓடும் கூட்டின் அடிப்பாகத்தைப் பார்க்க வேண்டும். குழாய்களுக்குள் இறங்கும் மழைநீர் தங்குமிடம் அது. துரு உள்ளிருந்து அரித்திருக்கக்கூடும். இறுதியாக, முன்சில்லைத் தாங்கும் கவரைப் பக்கத்திலிருந்து நோக்க வேண்டும். அதில் வெடிப்பிருந்தால் எவ்வளவு விருப்பமான வண்டியாயினும் அக்கவரை ஒதுக்கிவிடுவதே அறிவு. ஓடும்போது அது முறிந்தால் ஏறியவன் முகங்குப்புற விழுவான்.

சோதனையில் தேறிய சட்டத்தைக் கழற்றுவதற்குப் பணம் வேண்டாம், பொறுமை வேண்டும். இறுகிய திருகாணிகளை மண்ணெண்ணெயில் ஓரிரவு ஊறவிட வேண்டும். இடப்பக்கப் பெடலின் புரி மறுவளமானது; ஆங்கில வண்டிகளிற் பெடல் அச்சின் வலப்பக்கக் கிண்ணமும் அவ்வாறே. இதனை அறியாதார் வலிந்து திருகிப் புரியைக் கெடுத்துவிடுவர். றலி தொழிற்சாலையின் பழைய வண்டிகளுக்கு இன்னுமொரு தனித்தன்மை உண்டு. பிற ஆங்கில வண்டிகளில் அக்கிண்ணத்தின் புரி அங்குலத்துக்கு 24 ஆக இருக்க, றலியில் அது 26 ஆகும். கடைக் கிண்ணம் அதிற் பொருந்தாது. ஆகவே பழைய கிண்ணங்களை எறியாது கழுவி வைத்தல் வேண்டும்.

இனிச் செலவின் வரிசையைப் பார்ப்போம். பிறேக் கட்டைகளும் பிறேக்கை இழுக்கும் கம்பிகளும் முதலிடம் பெறும். அடுத்தவை ரயரும் ரியூபும். இவற்றைப் பழையதாக வாங்குதல் ஆகாது. மூன்றாவது, சுழலும் இடங்களிலுள்ள உருக்குக் குண்டுகளும் கிரீசும்; குண்டுகளின் விலை சிறிது, பயனோ பெரிது. நான்காவது செயின். பன்னிரண்டு அங்குலம் இருக்க வேண்டிய இருபத்துநான்கு கண்ணிகள் எட்டிலொரு அங்குலம் நீண்டிருந்தால் செயினை மாற்றியே ஆக வேண்டும். தேய்ந்த செயின் பற்சில்லின் பற்களையும் தின்றுவிடும். செயினுக்கு மிச்சம் பிடித்தவர் பின்னர் இரண்டுக்கும் பணம் கொடுப்பார். ஹாண்டில், பெடல், மட்காட், கரியர் ஆகியன பழையனவாயினும் பாதகமில்லை. நிறம் அடுத்த மாதம் பூசலாம்.

பழைய உருக்கு ரிம் மழையில் நனைந்தால் பிறேக் வெகுவாகப் பிடிப்புக் குறைந்துவிடும். கார்த்திகை, மார்கழி மாதங்களிற் பள்ளிக்கு வண்டி விடும் பிள்ளைக்கு இதனைச் சொல்லி வைப்பது பெற்றோர் கடன்.

ஒரு வேலைக்கு மாத்திரம் கூலி கொடுக்கத் தயங்கலாகாது. அது சில்லின் கம்பிகளை இழுத்து நேராக்கும் வேலை. 1990களில் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் தடைப்பட்டிருந்தபோது, நோயாளரையும் விறகையும் நெல்மூட்டையையும் சைக்கிளே சுமந்தது. மின்சாரமும் மின்கலமும் இல்லாத அந்நாட்களிற் சைக்கிளின் டைனமோவைச் சுழற்றியே மக்கள் வானொலி கேட்டனர். அத்தனை பாரத்தையும் தாங்கிய வண்டிகளை ஓடவைத்தது தெருவோரத்துத் திருத்துநரின் கைத்திறன். அத்திறன் ஏட்டில் எழுதப்படவில்லை, பார்த்தே பழகப்பட்டது.

ஆகையால், வண்டியைக் கடையில் விட்டுவிட்டு மாலையில் வந்து எடுக்காமல், அதில் ஏறப்போகும் பிள்ளையை ஒரு விடுமுறை நாளில் அங்கே நிறுத்துவது நன்று. குண்டுகளை எண்ணிப் போடவும், கம்பியைச் சுண்டி அதன் இறுக்கத்தை அறியவும் பிள்ளை கற்றுக்கொள்ளும். அடுத்த முறை சில்லு ஆடத் தொடங்கும்போது, அந்த ஓசை எங்கிருந்து வருகின்றதென்று அதற்குத் தெரிந்திருக்கும்.